"கதை வேணாம், நடந்ததப் படிக்கலாம்" என்கிற 11 வயது மகளுக்கு எந்தப் புத்தகம்?

ஆயர் ஈத்தாம் அம்மா, பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 11 வயது, தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5. இரண்டு வருடமாக இரவில் நானும் அவளும் சேர்ந்து புத்தகம் படிக்கிறோம். பாயான் லெப்பாஸில் எனக்கு 12 மணி நேர ஷிப்டு வேலை. பகல் ஷிப்டு வாரத்தில் தொழிற்சாலை பஸ் என்னை இறக்கிவிடும்போது மணி எட்டாகிவிடும். குளித்து, சாப்பிட்டு, பாட்டிக்கு மருந்து கொடுத்து முடித்தால் ஒன்பது. அதற்கு மேல் அரை மணி நேரம் எங்களுக்கு. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள் என்று மாற்றி மாற்றிச் சத்தமாகப் படிப்போம். பாட்டி என்றால் என் மாமியார், 84 வயது. பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். தூங்கிவிட்டார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

முதலில் தெனாலிராமன், நரிக்கதை, ராஜா ராணி என்று எல்லாம் படித்தோம். ஒன்பது வயது முடிந்ததும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே கேள்வி: "இது நெசமா நடந்துச்சாம்மா?" இல்லை என்றால் முகம் வாடிவிடும். "அப்பன்னா வேணாம். நடந்ததப் படிக்கலாம்."

சரி என்று ஹெலன் கெல்லரின் வாழ்க்கைக் கதையைச் சுருக்கமான தமிழில் தேடிப் படித்தோம். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது நோய் வந்து கண்ணும் காதும் போன பெண். 1887 ஏப்ரலில் ஆன் சல்லிவன் டீச்சர் அவளைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய், ஒரு கையில் தண்ணீர் விழும்போதே மறு கையில் அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக விரலால் உணர்த்துகிற இடம் வந்தது. மறுநாள் மகள் குளியலறையில் காதில் பஞ்சு வைத்து, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "கையில எழுதும்மா" என்றாள். நான் த, ண், ணீ, ர் என்று உள்ளங்கையில் எழுதினேன். 'ணீ'யில் விரல் சுழிக்கும்போது சிரித்துவிட்டாள். அப்புறம் அசையாமல் நின்றாள். "அந்தப் பொண்ணுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள். உண்மைக் கதைக்குப் பிள்ளையை இப்படி உள்ளே இழுக்கும் சக்தி இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'. என் தங்கை சென்னைக்குப் போனபோது வாங்கி வந்தாள். ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி என்பவர் தன் சின்ன வயதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதி 1981-இல் வந்த புத்தகம். ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. முதல் நாள் தலைமை ஆசிரியர் கொபயாஷி அந்தச் சிறுமியை உட்கார வைத்து, அவள் பேசுவதை நாலு மணி நேரம் கேட்கிறார். என் மகள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாலு மணி நேரமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போலியோ வந்த யாசுவாகி-சானை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றும் பகுதியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அந்தப் பையன் இறந்துபோகும் இடத்தில் அழுதாள். களைப்பாக இருந்த சில இரவுகளில் ஒன்றிரண்டு அத்தியாயங்களை நான் தாண்டிவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் போர் வருகிறது. 1945-இல் குண்டு விழுந்து பள்ளிக்கூடம் எரிகிறது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே கொபயாஷி தன் மகனிடம், அடுத்து எந்த மாதிரிப் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கேட்கிறார். புத்தகத்தை மூடினேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "ம்மா, ஜப்பான்காரங்கதானே பாட்டியோட அப்பாவ சயாமுக்குக் கொண்டுபோனாங்க?"

பாட்டி சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயதிருக்கும்போது, மலாயா ஜப்பான்காரர்கள் கையில் இருந்த காலத்தில், அவருடைய அப்பாவைச் சயாமில், அதாவது இப்போதைய தாய்லாந்தில், ரயில் போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பாட்டி பேசமாட்டார். மரவள்ளிக்கிழங்கு மட்டும் இன்று வரைக்கும் தொடமாட்டார், ஜப்பான்காரன் காலத்துச் சாப்பாடு என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

"எனக்கு டோட்டோ-சானை ரொம்பப் பிடிக்கும். பிடிக்கலாமா?" என்று கேட்டாள் மகள். எனக்குப் பதில் வரவில்லை. "நேரமாச்சு, தூங்கு" என்று விளக்கை அணைத்துவிட்டேன். மூன்று வாரமாக அது என்னை உறுத்துகிறது.

என் கேள்வி இதுதான். சயாம் ரயிலைப் பற்றி 11 வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? சொல்லலாமா? அடுத்து எந்த உண்மைப் புத்தகத்தை எடுப்பது? பிள்ளை வளர்த்தவர்கள், பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செந்தூல், கோலாலம்பூர்

அம்மா, வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒரு வார்த்தை. அன்று இரவு பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தது ஒன்றும் குற்றமில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் திருத்துவது கடினம். உங்கள் பிள்ளை இன்னும் காத்திருக்கிறாள்.

இப்போதைக்குப் புதிய புத்தகத்தைத் தேட வேண்டாம். அவள் கேட்ட கேள்விக்கு டோட்டோ-சானிலேயே இரண்டு இடத்தில் பதில் இருக்கிறது.

டோட்டோ-சானின் அப்பா வயலின் கலைஞர். ஆயுதத் தொழிற்சாலைக்குப் போய் ராணுவப் பாட்டு வாசித்தால் சர்க்கரையும் அரிசியும் தருவார்கள் என்று அவருக்கு அழைப்பு வருகிறது. வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரம். மிட்டாய் தரும் இயந்திரத்தில் காசு போட்டுக் குலுக்கிப் பார்த்து, ஒன்றும் விழாமல் திரும்புகிற பிள்ளை அவள். அப்படியும் அவர் வாசிக்கப் போகவில்லை. அந்த வயலினில் அதை வாசிக்க அவருக்கு மனமில்லை. ஜப்பானுக்குள்ளேயே இப்படியும் ஒரு அப்பா இருந்தார்.

இரண்டாவது, மஸாவோ-சான் என்கிற பையனைப் பற்றிய அத்தியாயம். பள்ளிக்குப் போகும் வழியில் வசிக்கும் பையன். ஒருநாள் டோட்டோ-சானைப் பார்த்து "கொரியாக்காரி!" என்று வசைபோலக் கத்துகிறான். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. உண்மையில் அந்தப் பையன்தான் கொரியக் குடும்பத்துப் பிள்ளை. ஊரார் அவனை அப்படிச் சொல்லிச் சொல்லியே இழிவுபடுத்தியதால், அது ஒரு கெட்ட வார்த்தை என்று நினைத்து அதையே இன்னொரு பிள்ளை மேல் வீசுகிறான். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. உங்கள் பெரியவரைச் சயாமுக்குக் கொண்டுபோன அதே அதிகாரம்தான் அந்தப் பையனின் மக்களையும் மிதித்தது. குரோயாநாகி அம்மையார் இதை மறைக்காமல், ஒரு குழந்தையின் கண்ணால் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு இடத்தையும் மகளோடு திரும்பப் படியுங்கள். பிடிக்கலாமா என்ற கேள்விக்கு அவளே ஒரு பதில் கண்டுபிடிப்பாள்.

அடுத்து நான் சொல்லும் புத்தகம் மகளுக்கு அல்ல, உங்களுக்கு. இத்தாலியில் மலைமேல் பார்பியானா என்று ஒரு சிற்றூர். பள்ளியில் தோற்றுப்போனவர்கள் என்று ஒதுக்கப்பட்ட உழவர் வீட்டுப் பையன்களுக்கு அங்கே லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் பாடம் சொல்லிக்கொடுத்தார். எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967-இல் புத்தகமாக வந்தது. தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்குனீங்க?' என்ற பெயரில் கிடைக்கிறது. யார் யார் பெயிலானார்கள், அவர்களுடைய அப்பாமார் என்ன வேலை செய்தார்கள் என்று பையன்களே கணக்கெடுத்துக் காட்டியிருப்பார்கள்.

அதை நான் படித்தது ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. படித்த அன்று இரவு ஒரு பையனின் முகம் வந்து நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்துப் பள்ளியில், கடைசி வரிசையில் தினம் தூங்கி விழுவான். அவனுடைய மதிப்பெண் புத்தகத்தில் 'கவனம் இல்லை, அக்கறை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். அவன் அம்மா கைநாட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பினார். பல மாதம் கழித்து ஒருநாள் விடியற்காலையில் ரப்பர்த் தீம்பார் பக்கம் போனபோது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவன் அம்மாவுக்குப் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மணி ஐந்தரை. என்னைப் பார்த்ததும் "வணக்கம் சார்" என்றான். அந்த இரண்டு வரியை நான் அழிக்கவே இல்லை, அம்மா. அந்த மதிப்பெண் புத்தகம் அவன் வீட்டில் எங்கோ இருக்கும்.

ஆண்டு 6 பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் மட்டும் சிவப்பு மை போய்விடவில்லை. உங்கள் மகள் நாலு மணி நேரமா என்று கேட்டாளே, அந்தக் கேள்வியை நான் பயிற்சி ஆசிரியராக இருந்தபோது யாராவது என் காதில் போட்டிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

பத்துமலைக்காரி, இரண்டு பையன்களின் அம்மா

நான் செய்த தவறைச் சொல்கிறேன் அக்கா, உங்களுக்கு உதவும்.

என் பெரியவனுக்கு 10 வயதில் ஆன் ஃபிராங்கின் டைரிக்குறிப்பைப் படித்துக் காட்டினேன். இரவில்தான். பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த டைரி, மறைந்திருந்த வீடு, பகலில் சத்தம் போடாமல் நடப்பது எல்லாம் அவனுக்குப் பிடித்தது. அம்மாவோடு ஆன் சண்டை போடும் இடங்களில் என்னைப் பார்த்துச் சிரிப்பான். டைரி 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு நிற்கிறது. "அடுத்தது என்னம்மா?" என்றான். நான் யோசிக்காமல் பின்னுரையை அப்படியே படித்துவிட்டேன். மூன்று நாள் கழித்துப் பிடித்துப்போனது, முகாம், அவளும் அக்காவும் இறந்தது, அப்பா மட்டும் திரும்பி வந்து 1947-இல் டைரியை அச்சிட்டது. அப்போது மணி பத்து. விளக்கை அணைத்துவிட்டு நான் போய்ப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவன் அறைக்குள் ஓடிவிடுவான். பார்சல்காரர் வந்தால்கூட. அவனிடம் கேட்டபோதுதான் சொன்னான், மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டால் பயமாக இருக்கிறதாம்.

ஆகவே பாரமான பகுதியை இரவில் படிக்காதீர்கள். சனிக்கிழமை காலையில், பசியாறிய பிறகு, வெளிச்சத்தில் உட்கார்ந்து படியுங்கள். படித்து முடித்த பிறகு அவளோடு அன்று முழுக்க வீட்டில் இருங்கள். கேள்வி உடனே வராது. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது வரும், அல்லது காரில் பின்சீட்டிலிருந்து வரும்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டாம் என்பதும் என் கருத்து. ஒரு ஆளிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார்.

ஆயர் ஈத்தாம் அம்மா, பினாங்கு

ஐயா, அந்த மஸாவோ-சான் அத்தியாயம்தான் நான் தாண்டியது.

களைப்பு என்று முதலில் எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நான் படிப்பதற்கு முன்னால் அடுத்த பக்கத்தைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பேன். "கொரியாக்காரி" என்று அந்தப் பையன் கத்தும் வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் எங்கள் பிளாட்டின் கீழே விளையாடும்போது ஒரு பையன் என் மகளைக் "கெலிங்" என்று, இந்தியர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தையால் கூப்பிட்டிருக்கிறான். அவள் மேலே வந்து, "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, காதுல வாங்காத" என்று சொல்லி அனுப்பினேன். அந்த அத்தியாயத்தைப் படித்தால் மறுபடி கேட்பாள் என்ற பயத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். டோட்டோ-சானுடைய அம்மா அழுதார் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலைக் கழிவறையில் போய் நின்றேன்.

பத்துமலைச் சகோதரி, சனிக்கிழமை காலை என்ற யோசனைக்கு நன்றி. இந்த வாரம் எனக்கு ஓய்வு நாள்.

சயாமைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மகளுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்கே ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

பட்டர்வொர்த் மெக்கானிக்

தங்கச்சி, என் தாத்தா சயாமிலிருந்து திரும்பி வந்தவர். அதனால் எழுதுகிறேன்.

அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக ஒரு குழி இருக்கும். என் கட்டைவிரல் முழுக்க உள்ளே போகும். சின்ன வயதில் அவர் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். மூங்கில் கீறிப் புண்ணாகி, புண் அழுகியதாம். அதைப் பற்றிக் கேட்டால், "மழை, கொலரா" என்று இரண்டு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். 1943-இல் மழைக்காலம் தொடங்கியதும் அந்த முகாம்களில் கொலரா பரவியது என்று பிறகு நான் படித்தபோதுதான், தாத்தா சொன்ன இரண்டு வார்த்தையும் சேர்ந்தே வந்ததன் காரணம் புரிந்தது.

விவரம் இது. ஜப்பான் ராணுவத்துக்குப் பர்மாவுக்குப் போய்ச்சேர ஒரு தரைவழி வேண்டியிருந்தது, கடல்வழி ஆபத்தாகிவிட்டது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு நாம் போகும் தூரத்தைவிட அதிகம். காட்டையும் பாறையையும் பெரும்பாலும் கையாலேயே வெட்டி 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, டச்சுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். பொதுவாக 2 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், மலாயா தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர். இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடுதான். எண்ணி எழுதி வைக்க அவர்களுக்கு ஆள் இல்லை. கைதிகளுக்காவது அவர்களோடு வந்த ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், பேர் எழுதும் அதிகாரிகள் இருந்தார்கள். நம் ஆட்களுக்குத் தோட்டத்தில் ஒரு கங்காணி இருந்திருப்பார், அவரும் காட்டில் அவர்களோடு சேர்ந்து செத்திருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் நானும் என் மகனும் போனோம். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரைக்கும் ரயில், அங்கே மாறிப் பேங்காக், அப்புறம் தொன்புரி ஸ்டேஷனிலிருந்து காஞ்சனபுரி. அந்தப் பழைய பாதையில் இன்றும் 'நாம் தோக்' என்கிற ஊர் வரைக்கும் ரயில் ஓடுகிறது. பாறை ஓரமாக மரக்கட்டைப் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் இடம் ஒன்று இருக்கிறது. சன்னல் வழியே கையை நீட்டினால் பாறை படும். சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். என் மகன் கையை வெளியே நீட்டி, பாறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம், ஏறக்குறைய 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பேர், வயது. பல கல்லில் அம்மா அப்பா எழுதிய ஒரு வரி. மனதாரக் கும்பிட்டேன், அவர்களும் பெற்ற பிள்ளைகள்தான். வரிசை வரிசையாக நடந்து ஒரு தமிழ்ப் பேராவது இருக்குமா என்று என் மகன் தேடினான். நான் அவனைத் தடுக்கவில்லை.

புத்தகம் கேட்டீர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நம் நாட்டில் எழுதப்பட்ட நாவல். நாவல் என்பதால் உங்கள் மகள் ஏற்கமாட்டாள், நீங்கள் படியுங்கள். நடந்ததைத் தொகுத்து நம் நாட்டு ஆய்வாளர் சீ. அருண் சயாம் பர்மா மரண ரயில் பாதையைப் பற்றி எழுதியிருக்கிறார். இவை இரண்டும் பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு முதல் புத்தகம் உங்கள் மாமியார்தான். அவரிடம் கேட்டுப் பாருங்கள். நான் என் தாத்தாவிடம் சரியாகக் கேட்காமல் விட்டேன், அவர் 1994-இல் போய்விட்டார்.

ஆயர் ஈத்தாம் அம்மா, பினாங்கு

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் தோசை சுட்டு எல்லாரும் பசியாறினோம். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, காற்று வரும் இடமாகக் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தோம். பாட்டி சாய்வு நாற்காலியில் இருந்தார். முதலில் மகளிடம், "நான் ஒரு பாடத்தைத் தாண்டிட்டேன், வேணும்னுதான் தாண்டினேன்" என்றேன். "தெரியும்மா, பக்க நம்பரு இடிச்சிச்சு" என்றாள். தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

மஸாவோ-சான் அத்தியாயத்தை முழுக்க அவளே படித்தாள். அந்த அம்மா அழும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். கீழே அந்தப் பையன் அவளை அப்படிக் கூப்பிட்டது ஒரு தடவை இல்லையாம், மூன்று தடவையாம். நான் காதில் வாங்காதே என்று சொன்னதால் மற்ற இரண்டை என்னிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, எப்படி வசையாக மாறியது என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். "அவன் வீட்ல யாராச்சும் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டாள். "இருக்கலாம்" என்றேன். வயலின் அத்தியாயத்தை நான் படித்தேன்.

அப்புறம் சயாமுக்கு வந்தோம். அண்ணன் எழுதிய 415 கிலோமீட்டரைச் சொன்னதும் அவள் பள்ளி வரைபடப் புத்தகத்தை எடுத்து வந்து நூல் வைத்து அளந்தாள். இறந்தவர் கணக்கை நான் சொல்லவில்லை. "எப்படிக் கொண்டுபோனாங்க?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

நாற்காலியிலிருந்து பாட்டி சொன்னார். "காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போனவரு. அங்கயே லோரில ஏத்திட்டாங்களாம். மூணு மாசம்தான்னாங்களாம். எங்கம்மா சொல்லும்."

இவ்வளவு காலமும் அவர் தூங்கவில்லை. ஹெலன் கெல்லரும் கேட்டிருக்கிறார், டோட்டோ-சானும் கேட்டிருக்கிறார். அந்த ரயில் பெட்டிப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை அவருக்கும் பிடிக்குமாம். மகள் அவர் காலடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தாத்தா உயரமா, கறுப்பா, பாடுவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டிக்கு எதுவும் தெரியாது, இரண்டு வயதில் பார்த்தது. போட்டோ இல்லை. மூன்று மாதத்துக்கு அப்புறம் அவருடைய அம்மா சம்பள நாளெல்லாம் லோரி நிற்கும் இடத்துக்கு இவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாராம். அந்த இடுப்பின் ஆட்டம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார்.

காஞ்சனபுரியில் அண்ணனின் மகன் ஒரு தமிழ்ப் பேரைத் தேடித் தேடி நடந்ததை மகளுக்குச் சொன்னேன். "அப்ப தாத்தா பேரு எங்கதான் இருக்கு?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து போய், பாட்டியின் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வந்தாள். பாட்டியின் பேருக்குப் பின்னால் 'ஏ/பி', மலாயில் 'இன்னாரின் மகள்' என்பதன் சுருக்கம், அதற்குப் பின்னால் அவருடைய அப்பா பேர். நான் அந்த அட்டையை எத்தனை தடவை கிளினிக் கவுண்டரில் நீட்டியிருப்பேன்.

அட்டையில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, வரைபடத்தில் காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். பாட்டி தலையை ஆட்டி, "அப்பிடி இல்லம்மா. பதிஞ்சவன் தப்பா எழுதிட்டான்" என்று, சரியான பேரை இரண்டு தடவை நிதானமாகச் சொன்னார். மகள் எழுதியதை அழித்துவிட்டு, பாட்டி சொன்னபடி தமிழில் எழுதினாள்.